ஆறு சோடிக் கையுறைகள்

எங்கள் கட்டடத்தில் எனக்குத் தரப்பட்ட உடுப்புத் தோய்க்கும் நாள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் வெள்ளிக்கிழமை. நிலவறையில் இரண்டு மெஷின் இருக்கிறது, கொடி கட்டிய காயவிடும் அறை ஒன்றும் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு நிலவறைக் கதவின் திறப்பு என் கைக்கு வரும். பின்னேரம் மேல்வீட்டுச் சுவிஸ் மனுசியிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். மெஷினுக்குள் பஞ்சு கிடந்தது, நிலம் ஈரமாகக் கிடந்தது என்று ஒருவரும் எனக்கு எதிராகத் துண்டு எழுதி ஒட்டியதில்லை. பேர்ன் நகருக்குப் பக்கத்தில், இந்த ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை என்று விளங்கும். ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்த காலத்திலும் என் பக்கத்தில் ஒருவரும் குறை பிடித்ததில்லை. துப்புரவு என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவள் நான். அதனால்தான் அந்தப் பிழை நடந்தது.

என் மகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவள் பகலில் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் ஒரு அமெரிக்கன் புட்போல் கழகத்தில் பயிற்சியாளர். இது காலால் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் முட்டுப்படுகிற விளையாட்டு. பந்து பப்பாசிக்காய் அளவில் இரண்டு முனையும் கூராக இருக்கும். ஒருவன் நின்று எறிவான். வேறு சிலர் மைதானத்தின் ஓரங்களால் ஓடிப்போய் அதை எட்டிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கிறவர்களை ரிசீவர் என்பார்கள். அவர்களுக்குத்தான் என் மகள் பொறுப்பு. அவளும் ஒரு காலத்தில் பெண்கள் அணியில் ஓடிப் பிடித்தவள். முழங்கால் பழுதானபிறகு பழக்க வந்தாள். ஆம்பிளைகளின் அணியில் அவள் முதல்நாள் போய் நின்றபோது ஒருத்தன், “மசாஜ் செய்யவோ வந்தனீங்கள்?” என்று கேட்டானாம். “இல்லை, நீ எத்தினை பந்து விடுறாய் எண்டு எண்ண வந்தனான்” என்று இவள் சொன்னாளாம். எனக்கு அந்தக் கதை இன்னும் தித்திக்கும்.

சித்திரையில் போட்டிகள் தொடங்கும். அதற்கு முந்திய குளிர்காலத்தில் போட்டி இல்லை, ஆனால் பயிற்சியாளர்களுக்குத் தலைக்குமேல் வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் முன்னுக்கு நிற்பவன் யார், அவனுக்கு ஏதும் நடந்தால் பின்னால் யார், அவனுக்கும் பின்னால் யார் என்று பட்டியல் போட வேண்டும். அதை ஆழம் பார்ப்பது என்று சொல்வார்கள். கிணற்றின் ஆழம் மாதிரித்தான், மேலே தெரியும் தண்ணீரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ரிசீவர்களுக்கு மூன்று இடம். இடப்பக்க ஓரம், வலப்பக்க ஓரம், இன்னொன்று நடுவுக்குக் கிட்ட. போன இலையுதிர்காலத்தில் இரண்டு பேர் குறைந்துபோனார்கள். ஒருத்தன் ஜெர்மனியில் ஒரு கழகத்துக்குப் போய்விட்டான், மற்றவனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. மிஞ்சினது ஆறு பேர்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. வேலை முடிந்து வந்த மகள், சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து அதன்மேல் ஆறு சோடிக் கையுறைகளை வரிசையாக அடுக்கினாள். ரிசீவர்கள் பந்து பிடிக்கப் போடுகிற கையுறைகள் அவை. பனிச்சேற்றில் பயிற்சி முடிந்ததும் இவள் அவர்களிடம் வாங்கிவந்து, இரண்டு நாள் கார் டிக்கியில் கிடந்தவை. நான் கத்தரிக்காய்க் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் வீடு முழுக்க நாற்றம்.

“என்ன பிள்ளை இது? சாப்பிடுற மேசையிலை செத்த எலியைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறாய்?”

“அம்மா, ஒருக்காப் பேசாமல் இருங்கோ. நான் சோதினை திருத்துறன்.”

“ஆற்றை சோதினை?”

“என்ரை சோதினைதான்.”

ஒவ்வொரு கையுறையாகத் திருப்பி உள்ளங்கைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனி தேய்ந்திருந்தால் அவன் விரலால் பிடிக்கிறான். உள்ளங்கை தேய்ந்திருந்தால் பந்தை அடித்து அமுக்குகிறான். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மற்றப் பக்கத்தால் வருகிற பந்துக்குப் பயப்படுகிறான். இதை ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகக் கண்டுபிடித்த வழி. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற மாதிரி அவள் கையுறையைப் பார்த்தாள். கொப்பியில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுப் பெயர் எழுதினாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஜெர்மன் எழுத்து எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் இலக்கம் விளங்கும். முதலாவது இடம் ஒரு நெடிய மாணவனுக்கு. ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து எல்லோரையும் கத்த வைக்கிறவன் அவன். ஆறாவது இடம் ஒரு தபால்காரருக்கு. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மற்றவர்கள் அவரைத் தாத்தா என்று பகிடி பண்ணுவார்கள்.

“ஏன் இவருக்குக் கடைசி?” என்று கேட்டேன்.

“அவரின்ரை கையுறையைப் பாருங்கோவன். கடையிலையிருந்து வந்தமாதிரிக் கிடக்கு. தேயவே இல்லை. பயிற்சியிலை மினைக்கெடுறேல்லை போலை.”

பிறகு சோறு போட்டபோதுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். தலைமைப் பயிற்சியாளருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு ரிசீவரைக் கூப்பிட எண்ணம். வெளிநாட்டுக்காரருக்கு இன்னும் ஒரு இடம்தான் பாக்கி. அந்த ஆள் வந்தால் மூன்று இடத்தில் ஒன்று அவனுக்கு. இந்த ஆறு பேரில் பாதிப் பேர் விளையாடாமல் ஓரத்து வாங்கிலேயே இருந்து மனம் விட்டுப்போவார்கள், அடுத்த குளிர்காலத்துக்கு வரமாட்டார்கள். இவள், “இந்த ஆறு பேரும் காணும், வேறை ஆள் தேவையில்லை” என்று சொல்லிவிட்டாள். அவர், “சனிக்கிழமை எனக்குக் காட்டு” என்று சொல்லியிருக்கிறார். காட்ட முடியாவிட்டால் அமெரிக்காவுக்கு அன்றைக்கே எழுதுவார். ரிசீவர்களை இனி யார் பழக்குவது என்பதையும் யோசிப்பார்.

“உன்னை நிப்பாட்டிப்போடுவாரோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை. சொல்லாமல் சொன்னவர்.”

அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். இரண்டாம் முறை குழம்பு கேட்கவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குச் சமைத்துப் போடுவதைத் தவிர நான் இவளுக்கு என்ன செய்யலாம்? மேசையில் கையுறைகள் நாறிக்கொண்டு கிடந்தன. அடுத்தநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மகள் வேலைக்குப் போனதும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். கையுறையைத் தொட்டால் விரலில் ஒட்டியது, பலாப்பழம் வெட்டின கைபோல. பெடியள் இனிப்புத் தண்ணி குடித்துவிட்டு அதே கையோடு விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சுடுதண்ணீரில் ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டு, பிரஷ்ஷால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன். குனிந்து நின்றதில் நாரி நொந்தது. பிறகு மெஷினில் போட்டு, உடுப்பு மெதுமையாக இருக்க ஊற்றுகிற லாவெண்டர்த் திரவத்தில் ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூடி ஊற்றினேன். காய்ந்து வந்தபோது பன்னிரண்டு கையுறையும் பூனைக்குட்டிபோல இருந்தன. ஒட்டுப்பிசுக்கு ஒரு பொட்டும் இல்லை. மேல்வீட்டு மனுசி திறப்பு வாங்க வந்தபோது மணந்து பார்த்து, “ஆ, எவ்வளவு அருமை!” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை காலை மகள் பையைத் திறந்தாள்.

“தோய்ச்சனீங்களோ அம்மா?”

“ஓம். பின்னை, அந்த நாத்தத்தோடையோ சோதினைக்குப் போறது?”

அவள் என் கன்னத்தில் முகத்தை ஒருமுறை வைத்துவிட்டுப் பையை மூடினாள். கையுறை ஒன்றையும் எடுத்துப் பார்க்க நேரமில்லை. நானும் பொரித்த மரக்கறி ரோல்ஸ் நிறைந்த தட்டோடு காரில் ஏறினேன்.

வெளியே பனி கொட்டியதால் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. வெளிச் சப்பாத்தோடு உள்ளே போகக்கூடாது. நான் சொக்ஸோடு போய்ச் சுவரோர வாங்கில் இருந்தேன். தலைமைப் பயிற்சியாளர் வெள்ளைத் தாடி வைத்த பெரிய மனிதர். பேர்ன்காரருக்கே உரிய நிதானத்தோடு கதைப்பார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். அவர் ரோல்ஸைப் பார்த்து, “அம்மா, இது வென்றவர்களுக்கோ தோற்றவர்களுக்கோ?” என்று கேட்டார். மகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அந்தக் கழகமே என்னை அம்மா என்றுதான் கூப்பிடும்.

“பசிச்ச ஆக்களுக்கு” என்றேன்.

ஒருவருக்குப் பத்துப் பந்து. முதலில் நெடிய மாணவன். சும்மா நடப்பவன்போல ஓடி, திரும்பி, ஒற்றைக் கையை உயர்த்தினான். பந்து கையில் பட்டு, வழுக்கி, நிலத்தில் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்தான், அது மீன்போல நழுவிப் போனது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் வந்தான், அவனுக்கும் அதேதான். தலைமைப் பயிற்சியாளர் தாடியைத் தடவியபடி கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். என் மகள் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முதுகு நேராக இருந்தது. முகம் மட்டும் வெளிறிப்போனது.

அப்போது அந்த மாணவன் தன் கையுறையை மூக்கில் வைத்து மணந்தான். “இஞ்சை வசந்தகாலம் வந்திட்டுது!” என்று கத்தினான். பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று உரசிக் காட்டினான். இரண்டும் பட்டுச்சேலைபோல வழுக்கின.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பிரஷ் போட்டுத் தேய்த்துப் போக்கிய அந்த ஒட்டுப்பிசுக்கு ஊத்தை இல்லை. பந்து ஒட்டுவதற்காகவே அந்தக் கையுறையில் பூசியிருப்பது அது.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கையுறை பழசாய்ப்போனது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதரின் பேனை ஓடிக்கொண்டிருந்தது. நான் எழும்பி, சொக்ஸோடு, எல்லோரும் பார்க்க மண்டபத்தின் நடுவுக்குப் போனேன்.

“பிள்ளை, நிப்பாட்டு.”

“அம்மா, இப்ப வேண்டாம். போய் இருங்கோ.”

“வீட்டை போய்க் கதைக்கிற கதை இல்லை இது. பிழை பெடியளிலை இல்லை. என்னிலை. அந்த ஒட்டுறதை நான் ஊத்தை எண்டு நினைச்சுத் தேய்ச்சுப்போட்டன். பிறகு லாவெண்டரும் ஊத்தினனான்.”

“எவ்வளவு?”

“ரெண்டு மூடி.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் நேராகத் தலைமைப் பயிற்சியாளரிடம் போய், ஒன்றையும் மறைக்காமல், சிரிக்காமல் சொன்னாள். அவர்தான் சிரித்தார். அந்த மண்டபத்தின் கூரை அதிரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, அடுத்த சனிக்கிழமை பார்ப்போம். புதுக் கையுறையோடு வரட்டும்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு கிழமை கிடைத்துவிட்டது, பிள்ளை தப்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கொப்பியையும் அந்த ஆறு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இல்லை” என்றாள். “இண்டைக்கே. எல்லாரும் கையுறையைக் கழட்டுங்கோ.”

மாணவன், “வெறுங்கையோடையோ? இந்தக் குளிருக்கோ?” என்று முனகினான்.

“போட்டியிலை மழை பெய்தாலும் உந்தக் கையுறை வழுக்கும். அப்பவும் அம்மாவையோ குற்றம் சொல்லப்போறாய்?”

தலைமைப் பயிற்சியாளர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். தரப்பட்ட தவணையை வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை அவர் முன்பு கண்டிருக்கமாட்டார். நானும் கண்டதில்லை, பெற்றவள் நான்.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மாணவன் பத்தில் ஆறு பிடித்தான். ஒற்றைக் கை விளையாட்டெல்லாம் போய்விட்டது, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தான். மற்றவர்கள் ஏழு, ஐந்து, ஏழு, நாலு என்று பிடித்தார்கள். கடைசியாகத் தபால்காரர் வந்தார்.

“தாத்தா, முதுகைப் பாத்து!” என்று யாரோ கத்தினார்கள்.

அவர் ஓடியது வேகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பந்து வருகிற இடத்தில் அவர் கை முதலே போய் நின்றது. பத்து விரலும் விரிந்து, பந்து பட்டதும் மூடிக்கொண்டன. சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாய்க்குள் எண்ணினேன். ஒன்பது பிடித்தார். பத்தாவதை நிலத்தில் விழுந்து உருண்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அது தப்பிப்போனது. எழும்பி, “ஒரு கடிதம் மட்டும் தவறிப்போச்சு” என்று சொல்லிக் கும்பிட்டார். நான் கும்பிடுவதைப் பார்த்துப் பழகிய கும்பிடு அது.

மகள் அவரிடம் போனாள். “உங்கடை கையுறை ஏன் தேயாமல் புதுசாக் கிடக்கு?”

அவர் பந்து எறிகிறவனைக் காட்டினார். பயிற்சி தொடங்க முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னரே இரண்டு பேரும் வந்து எறிந்து பழகுவார்களாம், அப்போது கையுறை போடுவதில்லையாம். வெறுங்கைக்குத்தான் பந்து தெரிகிறது என்றார். எல்லோரும் வந்தபிறகு, வரிசையில் தனக்கு வருகிற நாலைந்து பந்துக்கு மட்டும்தான் கையுறையை மாட்டுவாராம். என் மகள் முதியோர் இல்லத்தில் வேலை முடித்துப் பயிற்சி தொடங்குகிற நிமிடத்துக்கே ஓடிவருகிறவள். அந்த முக்கால் மணித்தியாலத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

அவள் வாங்கில் வந்து என் பக்கத்தில் இருந்து, கொப்பியை மடியில் வைத்து, ஆறாவது பெயரை அழித்தாள். முதலாவது பெயரையும் அழித்தாள். அழிரப்பர்த் தூளை ஊதிவிட்டுத் திரும்பவும் எழுதினாள். தலைமைப் பயிற்சியாளர் எங்கள் தலைக்கு மேலால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது அவளுக்குத் தெரியும். கையால் மறைக்கவில்லை.

“இவரைக் கடைசியிலை போட்டது என்ரை பிழை” என்று அவரிடமே சொன்னாள். “நடுவுக்குக் கிட்ட முதலாவது ஆள் இவர். அவருக்குப் பின்னாலை ரெண்டு பேர் இருக்கினம். இடப்பக்கத்திலை ரெண்டு பேர் இருக்கினம். வலப்பக்கத்திலை ஒருத்தர்தான். அவருக்குப் பின்னாலை ஆள் இல்லை.”

“அப்ப நான் சொன்னது சரி. அமெரிக்கன் வேணும்.”

“அதுக்கில்லை. உங்களுக்கு உள்ளதைச் சொல்லவேணும் எண்டு சொன்னனான். நெடியவன் இவ்வளவு நாளும் இடப்பக்கம் மட்டும்தான் ஓடினவன். சித்திரைக்கு முன்னம் அவனுக்கு வலப்பக்கத்தையும் பழக்குறன். அப்ப ஆழம் காணும்.”

“பழக்கேலாட்டி?”

“அப்ப நான் இதிலை நிக்கக்கூடாது.”

அவர் தட்டிலிருந்து இரண்டாவது ரோல்ஸை எடுத்துக் கடித்தார். திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும்போது காரில் லாவெண்டர் மணந்தது. அவள்தான் கதை தொடங்கினாள்.

“அம்மா, நீங்கள் எழும்பி வராட்டி அவர் ஆறு பேரையும் ஒண்டுக்கும் உதவாதவை எண்டு எழுதியிருப்பார்.”

“நான் தோய்க்காட்டி எழும்பியே வரத் தேவையில்லை.”

“நீங்கள் தோய்க்காட்டி நான் அந்தத் தபால்காரரைக் கடைசியிலையே வைச்சிருப்பன்” என்று சொல்லிவிட்டு, வைப்பரைப் போட்டாள். பனி வழிந்தது. அந்த வசனத்தை அவள் எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. தன்மேல் கோபத்தில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெரிய ஆட்களின் அறையைத் துடைத்திருக்கிறேன். பிழை விட்டதைத் தன் கீழே உள்ளவர்களின் முன்னால் அழித்து எழுதுகிற ஒருவரையும் அங்கே பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மகளின் தொலைபேசி அடித்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். என் கை மாவுக்குள் அப்படியே நின்றது. அந்த மனிதர் அவசரப்படவில்லை. முதலில் பனியைப் பற்றிக் கதைத்தார். பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவனின் சுகத்தைப் பற்றிக் கதைத்தார். பேர்ன்காரரின் நிதானம் அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப்போனது.

கடைசியில் சொன்னார். “அமெரிக்காவுக்கு எழுதிவிட்டேன்.”

மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

“எதிரணியைத் தடுக்கிற பக்கத்துக்கு ஒரு ஆள் கேட்டு எழுதியிருக்கிறேன். ரிசீவர் வேண்டாம். அந்த ஆறு பேரும் உன்னுடையவர்கள். வலப்பக்கத்தைச் சித்திரையில் பார்ப்பேன், மறக்கமாட்டேன்.” பிறகு என்னை விசாரித்தார். “அம்மா அங்கே நிற்கிறாவோ? அவவிடம் சொல். ரோல்ஸுக்கு எப்போதும் ஓம். தோய்க்கிறதுக்கு இல்லை.”

நான் மாக் கையோடு அந்தத் தொலைபேசியைப் பார்த்து, “சரி, சரி, பெரிய ஆள்” என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்கும், சிரிப்புச் சத்தம் கேட்டது.

மகள் துள்ளவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவுமில்லை. மேசையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். புதுப் பக்கத்தில் வலப்பக்கம் என்று தலைப்புப் போட்டு, அதன்கீழ் நெடியவனின் பெயரை எழுதினாள். பிறகு தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டாள்.

“நாளைக்குப் பயிற்சிக்கு முக்கால் மணித்தியாலம் முந்தி வா. கையுறை கொண்டுவராதை. நான் வேலையிலை சொல்லிப்போட்டு வாறன்.”

அவன் என்னவோ முறைப்பாடு சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே பென்சிலைச் சீவினாள். நான் ரொட்டியைத் தட்டத் தொடங்கினேன். அன்றைக்கு அவள் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டாள்.